நீளம் ஆறடி, உயரம் ஒன்றரை

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர்
அளந்து பார்த்தால் இவ்வளவுதான்.
மூன்று வருஷத்துக் கடுகு அதில்
வெடித்து ஒட்டியிருக்கிறது.
மஞ்சள் வழிந்து வழிந்து
பெயர் எழுதாத ஒரு ஜில்லாவின் வரைபடம்.
துணியால் துடைத்தால்
கறை அப்படியே இருக்கும்,
சுண்ணாம்பு மட்டும் துணியோடு வந்துவிடும்.

பர்கூர் ரோட்டுக் கடையில் விலை கேட்டேன்.
டைல்ஸ் இவ்வளவு, ஒட்டுகிற கூலி இவ்வளவு,
சிமென்ட் தனி, ஆட்டோ தனி.
"சின்ன வேலைக்கு ஆளு வரமாட்டாங்கம்மா"
என்பதை மட்டும்
காசு வாங்காமல் சொன்னார்.

முதலில் ஸ்டிக்கர்.
வெள்ளித்தாள், சுருள் நூற்றெண்பது.
மூன்றாம் நாள் குக்கர் விசிலுக்கு
மேல்மூலை எழுந்து
யார் வந்தது என்று எட்டிப் பார்த்தது.
ஐந்தாம் நாள் ரசத்தில் தலைவைத்தது.

அப்புறம் எனாமல் பெயின்ட், அரை லிட்டர், பச்சை.
இரண்டு நாள் சோறெல்லாம் அந்த வாசம்.
முனிரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை,
ஊறுகாயை மட்டும் கூடுதலாகத் தொட்டுக்கொண்டார்.
சுண்ணாம்பின் மேல் எது நிற்கும்?
மாசம் முடிவதற்குள்
பாம்புச் சட்டை போல உரிந்து வந்தது.

அவருக்குக் கிரானைட் பட்டறையில் பாலீஷ் வேலை.
எந்த தேசத்துச் சமையலறைக்கோ
முகம் தெரிகிற அளவுக்குக் கல்லைத் தேய்த்துவிட்டு
புருவத்தில் வெள்ளைத் தூளோடு வீட்டுக்கு வருவார்.
"அறுத்த ஓரமெல்லாம் என்ன பண்ணுவாங்க?"
"பள்ளத்துல கொட்டுவாங்க."
"கொட்டறதுக்கு முன்னாடி?"
சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னார்:
"மேஸ்திரியைக் கேக்கறேன்."

எக்ஸெல் வண்டியில் நாலு நடை.
சிமென்ட் சாக்கில் கறுப்பு, ரோஸ்,
அலை அலையாய் ஒரு சாம்பல்.
ஒன்று கூட இன்னொன்றுக்கு அளவில்லை.
ஒரு துண்டின் முதுகில் சிவப்பு எழுத்தில் ஏதோ நம்பர்.
அதோடு பிறந்த பலகை கப்பலேறிவிட்டதாம்.
போன இடத்தில் கடுகு வெடிக்குமா,
தெரியவில்லை.

சுண்ணாம்பைச் சுரண்டி
சுவரை உளியால் கொத்திக்கொண்டிருந்தபோது
பக்கத்து போர்ஷன் ஷாகிரா
இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றாள்.
"என் பக்கம் உப்பு ஜாடி நடக்குது."
சண்டைக்குத்தான் வந்தாள்.
தரையில் பரப்பியிருந்த கல்லைப் பார்த்ததும்
செருப்பைக் கழற்றிவிட்டாள்.
ஜாக்கெட் தைக்கிறவள்,
வெட்டுத்துணியில் வெட்டுத்துணி சேர்க்கிற கண்.
"ரோஸைக் கறுப்புக்கிட்ட வைக்காதே, அடிச்சுக்கும்.
நடுவுல சாம்பலை விடு."
சாக்பீஸ் தடவிய நூலின் ஒரு முனையை
அவளே பிடித்தாள்.

கீழ்வரிசை மேடைமேல் உட்கார்ந்ததால் பயமில்லை.
இடைவெளிக்குத் தீக்குச்சி.
மறுநாள் குச்சியைப் பிடுங்கிவிட்டு
அந்த வழியில் வெள்ளை சிமென்ட்.
இழுத்துவிட ரப்பர் கரண்டி இல்லை;
பிய்ந்த ஹவாய் செருப்பைக் கழுவி
பாதியாக வெட்டிக்கொண்டேன்.
சிமென்ட், உளி வாடகை, மேஸ்திரிக்கு டீ, வடை
எல்லாம் சேர்த்து நானூற்றுப் பத்து.
என் கட்டைவிரல் நகம் கணக்கில் இல்லை.

மூன்றாம் நாள் தாளித்தேன்.
வேண்டுமென்றே ஒரு கரண்டி கடுகு அதிகம்.
பறந்தது, அடித்தது, வழிந்தது.
ஈரத்துணி ஒரே இழுப்பு.
கல்லில் துணி பிடித்த என் கை தெரிந்தது.

ராத்திரி அவர் வந்து
சட்டையைக் கழற்றாமல் நின்றார்.
வலது ஓரத்துக் கறுப்பில் விரல் வைத்தார்.
மயிரிழையில் ஒரு கீறல்,
சாய்ந்து பார்த்தால்தான் தெரியும்.
"இது நான் விட்டது.
மாசி மாசம். அரைநாள் கூலி பிடிச்சாங்க."

கழற்றி மாற்றட்டுமா என்றேன்.
"அடுப்புக்கு நேரா இருக்குதே,
இருக்கட்டும்" என்றார்.
ரசம் கொதித்து ஆவி ஏறி
அந்தக் கீறல் முதலில் மறைந்தது,
ஆறியதும் முதலில் தெரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து
ஷாகிரா இரண்டு தட்டு தட்டினாள்:
மிச்சம் இருக்கா?
சாக்கில் ரோஸ் மட்டும்தான்.

வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.
பார்த்தால் வாடகை ஏற்றுவார்.